போன் பேசாத வேலை

புதன்கிழமை, இரவு

வேலை கிடைத்துவிட்டது! வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்யலாம். வாடிக்கையாளர் யாரிடமும் போனில் பேச வேண்டியதில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்த எனக்கு வேறென்ன வேண்டும்? கால்சென்டரில் சேர்ந்த முதல் நாளே ஒரு வாடிக்கையாளர், "ஏம்மா என்னைத் திட்டறே?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது.

இது ஆன்லைனில் சேலை விற்கும் கம்பெனி. ஏமாற்று வேலையோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். "பணம் ஏதாச்சும் கட்டச் சொன்னாங்களா சாமி?"

"இல்லீங்கப்பா. டெஸ்ட் மட்டுந்தான்."

சேலைப் படங்களைப் பார்த்து, வாங்குகிறவர்களுக்கு ஆசை வரும்படி எழுத வேண்டும். அதுதான் டெஸ்ட். நானோ வீட்டில் நெய்த சேலையைக் குறை பார்த்து மடிக்கிற பழக்கத்தில், "பார்டரில் இழை அறுந்திருக்கிறது", "முந்தானையில் எண்ணெய்க் கறை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

இன்று மதியம் பதில் வந்தது. வர்ணித்து எழுத வேறு ஆள் கிடைத்துவிட்டதாம். விற்பனைக்குப் போகும் முன் படத்தைப் பார்த்துச் சேலையில் குறை கண்டுபிடித்துச் சொல்ல நான் வேண்டுமாம்.

அம்மா தறியை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். ராசிபுரத்துச் சித்தி, நாமக்கல் மாமா, ஜலகண்டாபுரத்து அத்தை என்று ஒருவரையும் விடவில்லை.

"போன்ல பேசவே வேண்டாத வேலைங்க! இருங்க, அவகிட்டயே குடுக்கறேன், பேசுங்க."

சாயங்காலம் முழுக்கப் பேசினேன். தொண்டை கட்டிவிட்டது.