சக்கர நாற்காலிகளுக்கு நடுவே ஒரு தோட்டக்கலைப் புத்தகம்

என் அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா, தம்பி, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் கல்லூரி சிநேகிதன் சோடாபுட்டி பேச்சை எடுத்தாலே “அவனப் பத்திப் பேசாதம்மா” என்று வெட்டிவிடுகிறாய், எனக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது. கடிதமென்றால் நீயும் வெட்ட முடியாது, நானும் நழுவ முடியாது.

அப்பா முடியாதவர்களுக்கு இரவல் கொடுக்க ஹாலில் நிற்கும் சக்கர நாற்காலிகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டுவிட்டு அதே கையோடு திரைச்சீலையைப் பிடித்துவிட்டார், அதைத் துவைத்தும் கறை போகவில்லை. தம்பி தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொள்கிறான். நான் லேபில் ரத்தப் பரிசோதனை வேலை முடிந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து சர்வர் ப்ரோக்ராமிங் படிக்கிறேன், பைத்தான் என்று சொன்ன நாளிலிருந்து தம்பி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் “அம்மா பாம்பு புடிக்கக் கத்துக்கிறாங்க” என்கிறான். கல்லூரியில் நீயும் அவனும் உருவாக்கிய இரவல் தளத்தை, வேலைக்காக வெளியூர் கிளம்பும்போது என் பொறுப்பில் விட்டுப் போனாய். யாருக்கு நாற்காலி போயிற்று, யார் வாக்கரைத் திருப்பினார்கள் என்று பதிவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, ஒரு வரி மாற்றவும் வேலைக்கு நடுவில் உன்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதைக் குறைக்கலாமே என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். பாடங்களைத் தேடிக் கொடுத்தது சோடாபுட்டி. ஒரு இலவசப் பாடத்தளம், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிப் பேசும் ஒரு வாத்தியாரின் வீடியோக்கள், பிறகு மேனுவல். “வீடியோ பாத்தா புரிஞ்ச மாதிரி இருக்கும் ஆன்ட்டி, மேனுவல் படிச்சாத்தான் புரியலன்னு தெரியும்” என்றான். பழகுவதற்கென்று என் லேப்டாப்பிலேயே ஒரு மாதிரித் தரவுத்தளமும் போட்டுக் கொடுத்தான்.

பாப்பா, இரவல் பட்டியல் காணாமல் போன அன்று நீ பதறிப் போய்க் கேட்டபோது, தானாகவே போய்விட்டது, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது பொய். அழித்தது நான்தான். அன்றைய பாடத்தில் ஒரு நூலகத்தை உதாரணமாக வைத்திருந்தார்கள், அதிலும் இரவல் என்றே ஒரு அட்டவணை, நம்முடையதிலும் அதே பெயர். காலையில் யாரோ திருப்பிய வாக்கரைக் குறிக்க நிஜ சர்வரைத் திறந்தவள் அதை மூடவில்லை. மாதிரி, நிஜம் என்று திரையில் இருந்த இரண்டு ஜன்னலும் ஒரே கறுப்பு. எந்த வரியை என்று சொல்லாமல் அழி என்று கட்டளை கொடுத்தால் என்ன ஆகும், செய்து பார் என்றது பாடம். செய்து பார்த்தேன். அடுத்ததாக ஒரு புதிய வரி சேர் என்றது, சமர்த்தாக ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தை இரவல் கொடுத்தேன். சாயங்காலம் ஒருவர் மாமனாருக்கு நாற்காலி கேட்டு வந்து நிற்க, பட்டியலைத் திறந்தபோதுதான் எல்லாவற்றையும் நிஜ சர்வரில் செய்திருக்கிறேன் என்று புரிந்தது.

பட்டியலை இப்படி அழிக்க உங்கள் இருவரையும் விட்டால் யாருக்கும் தெரியாது, அதனால் அவன்தான் என்று நீ முடிவு கட்டினாய். நம் ஹாலில் இருந்த அவனை நீ திட்டியது பக்கத்து அறையில் எனக்கும் கேட்டது, அவன் போன் ஸ்பீக்கரில் இருந்தது. பேக்கப் கூட ஒழுங்காக எடுக்காதவனுக்கு எதற்கு இந்த வேலை, நாற்காலி எடுத்துக் கொடுக்க வைத்திருக்கும் ஹால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றாய். நான் சமையலறையில் ஏற்கெனவே கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அவன் பழைய குறுஞ்செய்திகளைப் பார்த்தும், வீடு வீடாகப் போய்க் கேட்டும் அந்தப் பட்டியலை மறுபடி உண்டாக்கினான். எல்லாம் சரியான அன்று நம் ஹால் சாவியைத் தன் கொத்திலிருந்து கழற்றி அலமாரியில் வைத்தான். அதைப் பார்த்ததும் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “தெரியும் ஆன்ட்டி. சக்கர நாற்காலி குடுக்கிற எடத்துல தோட்டக்கலைப் புத்தகம் எப்படி வரும்? அந்தப் பாடத்த அனுப்புனதே நாந்தானே” என்றான். நீ பார்ப்பதற்குள் அந்த வரியை எடுத்துவிட்டானாம். ஏன்டா சொல்லவில்லை என்றால், “அவ உங்களத் திட்டினா நீங்க படிக்கிறத விட்டுடுவீங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

விடவில்லை, படிக்கிறேன். நிஜ சர்வரின் ஜன்னலைச் சிவப்பாக மாற்றி வைத்திருக்கிறேன், மேனுவலைப் பார்த்து நானே மாற்றினேன். தினமும் பேக்கப் எடுக்கிற நிரலையும் எழுதி மாதிரித் தளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், நிஜத்தில் போட அவன்தான் சரிபார்க்க வேண்டும். என் கடவுச்சொல்லை நீ எடுத்துவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவன் வாங்கிய திட்டு என்னுடையது, அதை எனக்கு மாற்றிவிடு. சாவியை எடுத்துக்கொண்டு நான் அவன் வீட்டு வாசல் வரை போய்ப் பார்த்தேன், “அவ சொல்லட்டும் ஆன்ட்டி” என்று உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கிருந்தாலும் உனக்கு நல்லதே நடக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் கூடவே இருக்கட்டும். இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, முதலில் அவனுக்குப் போடு. நான் காத்திருப்பேன், எனக்கு அது வேண்டும்தான்.

சாவி அலமாரியிலேயே இருக்கிறது.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அம்மா