பதினாறாவது வரியிலிருந்து கிறுக்கல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். குளியலறைக் குழாய்க்கு ஒருவழியாக வாஷர் மாற்றியாயிற்று. உன் தம்பி புது வேலையில் சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரியைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான், ஆகவே அவனும் சுகம்தான்.

போன வாரம் நீ தோற்ற ஆட்டத்தின் தாளைப் படமெடுத்து அனுப்பி, இதோடு போதும்ப்பா, இனி செஸ் ஆடப்போவதில்லை, மாதக் கடைசியில் எல்லாருக்கும் சொல்லிவிடுவேன் என்று போனில் தட்டியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் அலமாரியில் பத்து வயதிலிருந்து நீ சேர்த்த ஆட்டத்தாள்களை எல்லாம் எடுத்துக் கட்டில் நிறையப் பரப்பிவிட்டேன். எனக்குக் குதிரை எப்படித் தாண்டும் என்பதே இன்னும் குழப்பம். ஆனால் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடும்போதே கையால் எழுதுகிறீர்கள் அல்லவா, தபால் பிரிக்கும் மேஜையில் முப்பத்தொரு வருஷம் ஊரார் கையெழுத்தைப் படித்தவனுக்கு அது போதாதா? அம்மா எட்டிப் பார்த்து, பிள்ளை எழுத்தை வைத்து ஜோசியம் சொல்லக் கிளம்பிவிட்டீர்களா என்றாள். சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளும் வந்து உட்கார்ந்தாள்.

சின்ன வயதுத் தாள்களில் முதல் பத்து வரி அச்சடித்த மாதிரி இருக்கிறது, அப்புறம் கோழி கிளறியதுபோல ஒரே கிறுக்கல். ஜெயித்ததற்கும் தோற்றதற்கும் அதில் சம்பந்தமே இல்லை, பலகையில் ஏதோ உன்னைப் பிடித்து இழுக்கும்போது கை தாளை மறந்துவிடுகிறது, அவ்வளவுதான். நீ கிராண்ட்மாஸ்டர் ஆன அன்றைய தாளை யாராலும் படிக்க முடியாது. ஆனால் போன மூன்று வருஷத் தாள்கள் எல்லாம், ஜெயித்தவைகூட, ஆரம்பம் முதல் கடைசி வரை முத்துமுத்தாக இருக்கின்றன. பார்க்கவே பயமாக இருந்தது. ஏன்ம்மா, அத்தனை நாளும் பிடிக்காமலேயா உட்கார்ந்திருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அப்புறம்தான் அந்தத் தோற்ற ஆட்டத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பதினாறாவது வரியிலிருந்து பழைய கிறுக்கல்! நேரம் குறைந்துவிட்டது, அதனால்தான் என்பாய். பதினாறிலேயேவா? அங்கே அப்படி என்னதான் பார்த்தாய்? எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்.

நீ ஆடினாலும் விட்டாலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக இரு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போனில் தட்டிய எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. செஸ்ஸை விடுகிறேன் என்பதை ஒரு தாளில் உன் கையால் எழுதித் தபாலில் போடு. கிறுக்கலாக இருந்தால் மறுபேச்சுப் பேசமாட்டேன். முத்துமுத்தாக இருந்தால் நம்பமாட்டேன்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா