மாடியில் குளிர், கீழே பூசணம்

சித்திரை 8, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. போடிமெட்டுப் பக்கம் பொட்டு மேகம் இல்லை. வடகம் பிழிந்து முற்றத்தில் போட்டாயிற்று.

கொழுந்தன் மாடி அறையில் குளுகுளு மிஷின் மாட்டியிருக்கிறார். மதுரையிலிருந்து லாரியில் வந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் பெண்டாட்டி சரசுவுக்காக. மகராசிக்கு வேர்க்கக் கூடாதாம். எனக்கு வேர்த்தால் என் வீட்டுக்காரர் விசிறியை எடுத்துத் தனக்கே வீசிக்கொள்வார்.

மேலே மிஷின் ஓடினால் கீழே என் விளக்கு மங்குகிறது. ரேடியோ கரகரக்கிறது. போதாததற்கு அதன் பின்புறமிருந்து தண்ணீர் சொட்டு, நேராக என் வடகத்தில். இவரிடம் காலி ஏலக்காய்ச் சாக்கு ஒன்றைக் கொடுத்தேன். "மிஷினுக்கு அடியில இறுக்கித் திணிச்சுட்டு வாங்க." திணித்தார். சொட்டு நின்றது.

சித்திரை 15, திங்கள்

புளி உடைக்க. மகள் வள்ளிக்குப் பாவாடை தைக்கக் கொடுக்க. வெல்லம் வாங்க.

எங்கள் அறைச் சுவரில் ஓதம். மேல் மூலையிலிருந்து கட்டில்வரை கறுப்புப் புள்ளி. பெட்டியைத் திறந்தால் பூசண வாடை. என் முகூர்த்தப் பட்டில் பச்சையாகப் பொடி. உதற உதற மூக்கில் ஏறுகிறது. உட்கார்ந்து அழுதேன்.

கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"மிஷின்ல ஒரு சொட்டு விழலயே மதினி. இது பழைய சொவரு. அப்படித்தான் இருக்கும்."

சரசு மட்டும் துணியும் சுண்ணாம்பும் கொண்டுவந்து என்னோடு சுவரைத் துடைத்தாள். நான் கேட்கவே இல்லை. நல்லவளாக வேறு இருக்கிறாள். சண்டை பிடிக்கவும் வழியில்லை.

சித்திரை 17, புதன்

வள்ளிக்கு இருமல், ராத்திரி பூராவும். டாக்டர் வந்து சுவரைத்தான் முதலில் பார்த்தார். "இந்த ரூம்ல புள்ளையப் படுக்க வைக்காதீக."

சரசு அதற்குள் தலையணையைத் தூக்கிக்கொண்டாள். "வாடி தங்கம், சித்திகிட்டப் படுத்துக்க."

இவரும், "போகட்டும், குளுகுளுன்னு தூங்கும்" என்றார். வள்ளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரசுவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கும் ஒன்றே ஒன்றுதான். வயிறு எரிகிறது. பொறாமைதான். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

சித்திரை 20, சனி

இருமல் குறைவு. காலையில் வள்ளி தலை பின்னிப் பூ வைத்து இறங்கி வந்தாள். என் பின்னலைவிட நேர்த்தி.

"சித்தி கதை சொல்லுச்சும்மா."

"நானுஞ் சொல்றேன், வா."

"ஒனக்கு அந்தக் கதை தெரியாது."

பின்னலை அவிழ்த்து மறுபடி நானே பின்னினேன். வலிக்குது என்றாள். எல்லாம் அந்த மிஷின் செய்கிற வேலை. அந்தச் சனியன் தொலைந்தால் பிள்ளை தானாகக் கீழே வரும்.

சித்திரை 24, புதன்

மாடித் தரையும் ஊற ஆரம்பித்ததும் கொழுந்தன் மதுரையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். மிஷினை வெளியே இழுத்தால் அடியில் சாக்கு. கறுத்து, ரோமம் முளைத்து, கல் கனம்.

"தண்ணி போற வழிய அடைச்சா சொவத்துக்குள்ளதான எறங்கும்? யாருங்க வச்சது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தாண்ணே. தெரியாம வச்சுட்டேன்."

சரசு. இவர் திணித்தபோது அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள். கொழுந்தன் எல்லார் முன்னாலும் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. "இந்த மிஷினே வேணாம். புள்ளைக்கு ஆகாதது நமக்கெதுக்கு" என்றும் அவளே சொன்னாள். அந்த நல்ல பேரும் அவளுக்கே.

மிஷின் இறங்கிப் போய்விட்டது. ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வைகாசி 3, சனி

சாயங்காலம் தூறல். மாடிச் சுவரின் ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசியாயிற்று. என் அறையில் கரி அடுப்பு வைத்து உலர்த்தி, இரண்டு கை சுண்ணாம்பு. வாடையே இல்லை. வள்ளி இருமி ஒரு வாரமாகிறது. அவளுக்குப் புதுப் பாய், புது விசிறி. ஒரு கதைகூட யோசித்து வைத்திருந்தேன்.

சாப்பிட்டதும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படிக்கு நடந்தாள்.

"ஏய், மேல இப்பக் குளுகுளு கெடையாதுடி. வேர்க்கும்."

"தெரியும்மா" என்றாள். ஏறிப் போய்விட்டாள்.