மெக்கானிக் வந்துகொண்டே இருக்கிறார்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் இங்கே சுகம். உங்கள் சுகத்தில்தான் எனக்குச் சந்தேகம். போனில் கேட்டால், “நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்க?” என்று பேச்சை என் பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாதல்லவா!

மகள் உங்கள் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

என் ஆபீஸ் கதையைக் கேளுங்கள். அந்த ஊர் ஓட்டல் வரவேற்பில் நாள் முழுக்கச் சிரித்தபடி நிற்கிற உங்களுக்கு இது புரியும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கம்பெனியில் போன் எடுப்பவள் பாடு, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வாடிக்கையாளர் திட்டுவார், அவர் புகார் செய்தால் பழைய மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டுவார். அந்தப் பயத்தில், மெக்கானிக் கிளம்பாவிட்டாலும் “வந்துட்டே இருக்காரு சார்” என்று கூசாமல் சொல்வோம். அப்படிச் சொல்லிக் காக்கவைத்ததில் ஒருமுறை மருந்துக்கடைக்காரரின் ஃபிரிட்ஜில் இருந்த மருந்தெல்லாம் கெட்டுப்போனது. அன்றிலிருந்து அவருக்கு நான் பொய்க்காரி.

புதிதாக வந்த மேனேஜரம்மா முதல் நாளே, “உள்ளதைச் சொல்லுங்க. திட்டினா போனை எங்கிட்ட குடுங்க, நான் பேசிக்கறேன்” என்றார். நாங்கள் நம்பவில்லை. எத்தனை மேனேஜரைப் பார்த்துவிட்டோம்!

போன வாரம் மருந்துக்கடை ஃபிரிட்ஜ் மறுபடி நின்றது. மெக்கானிக் மறுநாள்தான் வர முடியும். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிட்டேன். மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மேனேஜரம்மா போனை வாங்கி, “அவங்க உண்மையைத்தான் சொன்னாங்க சார். தப்பு எங்க ஏற்பாட்டுல. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க” என்றார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மருந்துகளைப் பக்கத்துக் கடைக்கு மாற்றியிருக்கிறார். ஒன்றும் கெடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டவர், போனை எடுத்த இன்னொருத்தியிடம், “அன்னிக்கு உள்ளதைச் சொன்ன அந்தம்மாகிட்டயே குடுங்க, அவங்க சொன்னா சரியா இருக்கும்” என்று என்னைத்தான் கேட்டார். பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

அழும்போதே உங்கள் நினைவு வந்தது. பயந்தவர் பொய் சொல்கிற குரல் எனக்கு அத்துப்படி. வருஷக்கணக்கில் என் வாயிலிருந்து வந்த குரல் அது. உங்கள் “நல்லா இருக்கேன்” அதே குரலில்தான் வருகிறது.

அங்கே உங்களுக்காகப் போனை வாங்கிப் பேச யாரும் இல்லை போலிருக்கிறது. உள்ளதை எழுதுங்கள். எழுத மனமில்லாவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். முதலில் சாப்பிட வைப்பேன், அப்புறம்தான் காரணம் கேட்பேன்.

இப்படிக்கு,
என்ன எழுதினாலும் திட்டாமல் படிக்கப்போகிற
உங்கள் மனைவி