கேக் தட்டு இறக்கும் கையுறை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கடற்பக்கத்திலிருந்து காற்றே இல்லை. திரைச்சீலை துவைத்தாயிற்று. தண்ணீர் 9 மணிக்கே நின்றுவிட்டது. கொட்டாஞ்சேனைக் கோயிலில் நவநாள் செபம், போய்வர இரண்டு பஸ்.

மாலை 6 மணிக்குத் தர்சினிக்கு மிட்ஸ் பிடித்தேன். பதினோராவது நாள். என் வீட்டு வாடகை அறையில் இருக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் செய்வதா என்று முதலில் தயக்கம். கராத்தே வகுப்பில் அவளோடு பயிற்சி செய்தவள் கனடா போய்விட்டாள். மாத முடிவில் பெல்ட் பரீட்சை. பிடிக்க ஆளில்லை.

இரு கையிலும் தட்டையான மெத்தை போல ஒரு கையுறை. முகத்துக்கு நேரே பிடித்து நிற்க வேண்டும். நான் "ஒண்டு" என்றால் அவளது இடது கை. "ரெண்டு" என்றால் வலது. அடி விழும்போது நான் பின்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் அவளுடைய மணிக்கட்டு நோகும்.

"அன்ரி, கண்ணை மூடாதேங்கோ. நான் உங்கட மூக்கையோ அடிக்கிறன்?"

"அடிச்சுப் பாரும். இது என்ர அம்மான்ர மூக்கு. லேசில உடையாது."

மேல்வீட்டு மிஸிஸ் கந்தையா படியில் மறித்தார். "என்ன மிஸிஸ் சவரிமுத்து, பின்னேரத்தில டும் டும் எண்டு கேக்குது? மா இடிச்சு விக்கிறியளோ?"

இடம் வேண்டி என் கணவருடைய நாற்காலியைச் சுவரோரம் தள்ளினேன். அவர் போய் ஆறு வருடம். முதல் தடவை.

மார்ச் 6, வியாழன்

பின்னேரம் இடியோடு மழை. இடது தோளில் நோவு. எண்ணெய் பூசினேன். தர்சினியின் "ரெண்டு" இப்போது நல்ல பலம், தோள்வரை வருகிறது. அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மெதுவாக அடிப்பாள்.

வாங்க: மெழுகுதிரி, நூல், சீனி.

மார்ச் 9, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

விடிய 5 மணி. லேன் முழுக்கப் பொலிஸ் சுற்றிவளைப்பு. எங்கள் வீட்டுக்கு மூன்று பேர். பொலிசில் பதிந்த வீட்டாரின் பட்டியல் சரி. அடையாள அட்டைகள் சரி. போகத் திரும்பினார்கள். திரும்பியே விட்டார்கள்.

ஒருவன் ஆணியில் தொங்கிய மிட்ஸைக் கண்டான். "மே மொனவத?" இவை என்ன என்று.

தர்சினி சிங்களத்தில், சிரித்தபடியே சொன்னாள்: சூட்டோடு கேக் தட்டு இறக்கும் கையுறை. அன்ரி நன்றாகக் கேக் போடுவார்.

அவன் என்னைப் பார்த்தான், குசினிக்காரியைப் பார்ப்பது போல. என் வீட்டில் பொய். அதுவும் சீருடைக்கு முன்னால். கன்னியாஸ்திரிகள் எங்களுக்கு முதலில் படிப்பித்ததே பொய் சொல்லாதே என்பதுதான். நான் திருத்தினேன். ஆங்கிலத்தில், முழு வாக்கியங்களில். அவை குத்துப் பயிற்சிக்கானவை. இந்தப் பெண் கராத்தேயில் திறமைசாலி. பிடிப்பது நான்.

பெருமையாகத்தான் சொன்னேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துப் பெண், இருபத்தேழு வயது, குத்தப் பழகுகிறாள். எங்கே பழகினாய்? யார் பழக்கியது? எதற்கு? பிறகு ஜீப். செருப்பு மாற்ற விடவில்லை. குளியலறைச் செருப்போடு போனாள். மிட்ஸை நிலத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

"அன்ரி, அடுப்பில பால்." அவ்வளவுதான் சொன்னாள்.

மார்ச் 11, செவ்வாய்

நவநாளுக்குப் போகவில்லை. பொலிஸ் நிலையம், இரண்டாம் நாள். ஆங்கிலக் கடிதம், இரண்டு பக்கம், ஒரு பிழை இல்லை. சார்ஜன்ட் வாசிக்காமலே மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தான். "ஹெட்ட என்ன, அம்மே." நாளை வரட்டாம். நேற்றும் அதே.

கொண்டுபோனது: துவாய், சவர்க்காரம், உடுப்பு இரண்டு, அவளுடைய நல்ல செருப்பு. செருப்பை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

காத்திருக்கும் வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். மகனுக்காக வந்தவள். "உள்ள இருக்கிறது ஒங்க மகளாம்மா?"

"இல்லை. வாடகைக்கு இருக்கிறவ."

அவள் நகர்ந்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீடுவரை யோசனை.

மிஸிஸ் கந்தையா: "ஆரோ காட்டிக் குடுத்திட்டாங்கள். நாசமாப் போவாங்கள்." நான் கைப்பைக்குள் சாவியைத் தேடினேன். சாவி கையில் இருந்தது.

மார்ச் 15, சனி

பாவசங்கீர்த்தனம். ஃபாதர் கேட்டார்: "உண்மைதானேயம்மா சொன்னீர்கள்? அதில் என்ன பாவம்?" பாவத்துக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம். போதாது.

6 மணி. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ரயில் போனது.

மார்ச் 17, திங்கள்

தர்சினியை விட்டுவிட்டார்கள். த்ரீவீலில், தனியே வந்தாள். வலது கை ஷாலுக்குள். சோற்றுக்குக் கரண்டி கேட்டாள். இடது கையால் சாப்பிட்டாள்.

மிஸிஸ் கந்தையா இறங்கி வந்துவிட்டார். "ஆர் பிள்ளை காட்டிக் குடுத்தது? சொல்லும், பேரைச் சொல்லும்."

"ஒருத்தரும் இல்லை அன்ரி. நான்தான் பயத்தில உளறிப்போட்டன்."

என் பக்கம் பார்க்கவில்லை. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை.

மிஸிஸ் கந்தையா போன பிறகு, "தர்சினி" என்று தொடங்கினேன்.

"வேண்டாம் அன்ரி. நாளைக்கு மாமா வான் கொண்டு வாறார்."

பரீட்சையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

மேகமூட்டம். வான் மாலை 6 மணிக்கு. பெட்டி இரண்டு, குடை, தலையணை. செருப்பைத் துடைத்து வைத்தேன். மிட்ஸை அவள் எடுக்கவில்லை. ஆணியில்தான்.

எடுத்து மாட்டிக்கொண்டு ஜன்னலடியில், வழக்கமான இடத்தில் போய் நின்றேன். ஏன் என்று எனக்கே தெரியாது. அறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு வந்தாள்.

"கண்ணை மூடாதேங்கோ."

"ஒண்டு" என்றேன். இடது. "ஒண்டு." இடது. "ஒண்டு." நாலாவது அடி தோள்வரை வந்தது. பின்னால் இழுக்கவில்லை.

கீழே வான் ஹோர்ன்.

"ரெண்டு" சொல்லவில்லை.