பின் சீட்டு முதலாளியம்மா

மார்ச் 4, புதன்

இன்று முதல் முறையாக, பழசாக வாங்கிய பெரிய காரில் வேலைக்குப் போனேன். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்டு பழுது பார்க்கப் போகிறவன், அதன் வாசலில் மந்திரி கணக்காக இறங்கினேன். நாலடி நடப்பதற்குள் பின் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே கிரீஸ் டப்பா, அழுக்குத் துணி, என் சாப்பாட்டுப் பை எல்லாம் ஊருக்கே காட்சி. மூடினேன். திறந்தது. மூடினேன். மறுபடியும் திறந்தது.

புதிதாக வந்திருக்கும் வாட்ச்மேன் ஓடி வந்தார். "டிரைவரண்ணே, உங்க முதலாளி எங்க?"

பக்கத்தில்தான் நிற்கிறார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "மேல போயிட்டாருங்க" என்றேன். மூன்று மணி நேரம் கழித்து நானே கீழே வந்து வண்டியை எடுத்தபோது, "முதலாளி வரலியா?" என்றார் பாவம். நடந்து வருவார் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு இருக்கிறது. சேர்ந்தேன். குழு என்ன குழு, ஒப்பாரி மண்டபம். ஒருவருக்கு மழை வந்தால் கூரைக் கண்ணாடி வழியாகத் தலையில் சொட்டுகிறதாம். இன்னொருவருக்குக் கொளுத்தும் வெயிலில் சீட்டு தானாகச் சூடேறி, உட்கார்ந்த இடம் இட்டிலித் தட்டு ஆகிவிடுகிறதாம். ஒரு பேராசிரியர் பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார், படத்தோடு.

மனசுக்கு இதமாக இருந்தது. நிறையப் படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரிக்கு ஆரம்பத்திலிருந்தே வண்டி பிடிக்கவில்லை. "உயரமான சீட்டு, உன் முதுகுக்கு நல்லதுன்னுதான் வாங்கினேன்" என்றேன். "உங்க ஆசைய என் முதுகு மேல ஏத்தாதீங்க" என்றாள். வண்டிக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருக்கிறாள். தினமும் சாயங்காலம், "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு எதுல குறையாம்?"

மார்ச் 9, திங்கள்

லிஃப்டு பரிசோதனைத் தாளில் குடியிருப்புச் செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்தது கோபம். "சார், தாளுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கு. உயிர் போற விஷயமெல்லாம் அங்கதான் எழுதியிருப்போம்" என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். பாவம், பயந்துவிட்டார்.

மார்ச் 11, புதன்

வண்டியை எனக்கு விற்ற பல் டாக்டரம்மா கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். அவர்களுக்கு இன்னும் பழைய விலாசம்தான் தெரியும் போல. போய் வாங்கி, அவர் கிளினிக் வாசலிலேயே படித்தேன்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் ஏர்பேக்கில் குறை. மோதல் வந்தால் ஆளைக் காப்பாற்ற வேண்டியது, உப்பும்போது அதற்குள் இருக்கும் இரும்பே சிதறி ஆளைத் தைத்துவிடலாமாம். மாற்றும் வரை அந்த சீட்டில் யாரும் உட்கார வேண்டாம்.

அந்த சீட்டில் உட்காருவது இவள் ஒருத்திதான்.

அங்கேயே நின்று சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் போட்டேன். புதுப் பாகம் வர ஆறு வாரம் என்றாள் ஒரு பெண். "அதுவரைக்கும் சார், நீங்களும்—" என்று ஆரம்பித்தாள். "தெரியும்மா, எல்லாம் படிச்சிட்டேன். அங்க ஒரு ஈகூட உக்காராது" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

இவளிடம் சொல்ல வேண்டாமா? 'ஒருத்தர் ஓட்டின வண்டின்னாலும் தங்கம்டி' என்று போன மாசம்தானே சொன்னேன்? அதே வாயால் எப்படி? கடிதத்தை இவள் சீட்டின் முதுகுப் பக்கத்துப் பையில் சொருகிவிட்டேன். முன்னால் உட்காருகிறவளுக்கு அது கண்ணிலேயே படாது.

மார்ச் 14, சனி

கடைக்குக் கிளம்பினோம். முன் கதவில் கை வைத்தவளை, "பின்னாடி ஏறு" என்றேன்.

"ஏன்?"

"இந்த மாதிரி வண்டியில முதலாளிங்க பின்னாடிதான் உக்காருவாங்க."

"நான் எப்ப முதலாளி ஆனேன்?"

"கல்யாணம் ஆன அன்னைக்கே ஆயாச்சு."

சிரித்துக்கொண்டே ஏறினாள். வழியெல்லாம், "டிரைவர், மெதுவா. டிரைவர், இடது பக்கம்." தப்பித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பின் கதவுக்குக் கயிறு கட்டினேன். பேராசிரியர் போட்ட அதே முடிச்சு.

மார்ச் 22, ஞாயிறு

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்தாள். ஸ்டேஷனில் அவள் முன் கதவைத் திறந்ததும், "ஏறாதே!" என்று கத்திவிட்டேன். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. சீட்டில் கிரீஸ் என்று சமாளித்தேன். அங்கே என் டூல் பாக்ஸ் இருந்தது, அதுவும் பெல்ட் போட்டுக்கொண்டு. போடாவிட்டால் வண்டி கூவிக்கொண்டே இருக்கிறது, அதனால்.

"டூல் பாக்ஸுக்கு முன் சீட்டு, அம்மாவுக்குப் பின் சீட்டா? அப்பா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

இவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் மகளை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "உண்மைய சொல்லுங்க. நான் தொணதொணன்னு வழி சொல்றது தொந்தரவா இருக்கா? அதான் தள்ளி உக்கார வைக்கிறீங்களா?"

"சே, அதெல்லாம் இல்ல."

அதன் பிறகு வீடு வரை அவள் இடது வலது சொல்லவில்லை. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன், அதையும் சொல்லவில்லை. என்ன மனுஷன்டா நீ? ஒரு வண்டி கௌரவத்துக்காக இப்படியா? நாளைக்குச் சொல்லிடணும்.

மார்ச் 23, திங்கள்

சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

இவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் தாள் சரசரத்தது. தண்ணீர் பாட்டிலை வைக்க எதிரே இருந்த பையில் கை விட்டிருக்கிறாள். அடப்பாவி, இவளைப் பின்னால் உட்கார வைத்தவனே நான்தானே! கடிதத்தை அவள் மூக்குக்கு நேரே வைத்து மூன்று வாரமாக ஊர் சுற்றியிருக்கிறேன்.

அப்புறம், "வண்டிய நிறுத்துங்க."

"என்ன, தலை சுத்துதா?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

நிறுத்தினேன். வசவு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் தாளைத் திருப்பி, மறுபக்கத்தை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். விரல் வைத்த இடத்தைப் படித்தேன். டிரைவர் சீட்டின் ஏர்பேக்கிலும் இதே குறை உள்ளது. வண்டியை ஓட்ட வேண்டாம். தகவல் சொன்னால் வந்து இழுத்துச் செல்வோம்.

"என்னை மட்டும் பின்னாடி உக்கார வச்சிட்டு, மூணு வாரமா நீங்க அதுக்கு நேரா உக்காந்து ஓட்டியிருக்கீங்களா?" குரல் உடைந்துவிட்டது. "உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்?"

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சர்வீஸ் சென்டருக்குச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் திரும்பினோம். கண் டாக்டர் இன்னொரு நாள். பக்கத்தில் உட்கார்ந்து வீடு வரை என் சட்டைக் கையைப் பிடித்தபடியே வந்தாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் பக்கத்தில்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மகளிடம் ஃபோனில் இவள்: "உங்கப்பா தன்னைப் பத்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்கலடி."

வாஸ்தவம்தான்.

பிறகு ஃபோன் என் கைக்கு வந்தது. "அப்பா, இனிமே இந்த ஹீரோ வேலையெல்லாம் வேண்டாம்." சரிம்மா என்றேன். மத்தியானம் நான் கேட்காமலே எனக்கு ரெண்டு முட்டை வந்தது. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25, சனி

வண்டி வந்துவிட்டது. ரெண்டு ஏர்பேக்கும் புதுசு. பின் கதவும் இப்போது சொன்னால்தான் திறக்கிறது. வெட்டின கயிற்றைக் கையில் கொடுத்து, "இது யார் போட்ட முடிச்சு சார்? எங்களால அவுக்கவே முடியல, வெட்டிட்டோம்" என்றார் மெக்கானிக். சர்வீஸ் சென்டர் பெண் நீட்டிய தாளை ரெண்டு பக்கமும் ரெண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டூல் பாக்ஸ் பின்னால் போயிற்று. முதலாளியம்மா முன்னால் வந்தாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டு முதல் வேலையாக, "மெதுவா" என்றாள். நான் இன்னும் வண்டியைக் கிளப்பவே இல்லை.

சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்: "அன்னைக்கு அந்தப் பின்பக்கத்தைப் படிச்சதும் உங்களுக்கு பயமா இல்லியா?"

பச்சை விழுந்தது. "இடதா, நேரா?" என்றேன்.

"நேராத்தான். இது கூடத் தெரியாதா? நான் இல்லாம எப்படித்தான் ஓட்டினீங்களோ" என்றாள். மாப்பிள்ளை நேராகப் போனார்.

பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்பக்கத்தில் உன் சீட்டு என்று இருந்தது, அதோடு என் படிப்பு நின்றுவிட்டது.