அப்பாவின் எடைக்கு அடித்த காற்று

இன்னர்லெய்தன்
ஜூன் 11, வியாழன்

அன்புள்ள லாக்லனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், எங்களுக்கு அது போதும். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், காலையில் ரோட்டில் உறைபனி கிடக்கும்போது வேனை விரட்டாதே. ரத்த அழுத்தம் பார்த்துக்கொள் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன், மூன்று முறையும் சரிம்மா என்றாய், பார்த்ததாகத் தெரியவில்லை. உன் அப்பாவும் இப்படித்தான் சரி சரி என்றே ஜனவரியில் பக்கவாதம் வந்து விழும் வரை ஓட்டினார். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் பேசும்போது அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார். வலது கை அப்படியேதான் இருக்கிறது. கோலை ஊன்றிக்கொண்டு சமையலறையிலிருந்து பின்வாசல் வரை தனியாக வருகிறார், அங்கே நாற்காலி போட்டிருக்கிறேன், மழை இல்லாவிட்டால் மதியம் வரை அங்கேதான். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது, சில நாள் அதுவும் இல்லை. பயிற்சி கொடுக்க வருகிற பெண் நல்ல முன்னேற்றம் என்கிறாள், நானும் ஆமாம் என்கிறேன். அக்கம்பக்கத்திலிருந்து சூப் வருகிறது, வாங்கி, நன்றி சொல்லி, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை லாக்லன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, என்னுடையதுதான், தொட்டால் தெரியவில்லை. இதற்காகக் கவலைப்படாதே, வேலை எல்லாம் நடக்கிறது, துணி துவைக்கிறேன், தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவால் மாடிப்படி ஏற முடியாததால் கீழேயே குளியலறை கட்ட வேண்டும், அதற்காக வீட்டுக்குப் பின்னாலுள்ள சைக்கிள் கொட்டகையை இடிக்க வேண்டும், திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அப்புறம் சைக்கிள் வைக்க வீட்டுக்குள் இருக்கிற நடைவழிதான் மிச்சம், அப்பா கோலோடு போய்வர வழி விட்டால் அங்கே ஒன்றுதான் நிற்கும். ஆக பின்னால் ஸ்பிரிங் இல்லாத என் ஹார்டுடெயிலா, பின்னாலும் அதிர்வு தாங்குகிற அவருடைய ஃபுல் சஸ்பென்ஷனா, ஏதாவது ஒன்று போக வேண்டும். நீ மார்ச் மாதம் போனில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அப்பா வண்டியை யாரும் தொடக்கூடாது, எப்படி விட்டாரோ அப்படியே இருக்கட்டும், அடுத்த கோடையில் நான் வந்ததும் அவரும் நானும் மலை மேலே போகிறோம் என்றாய். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலையை ஆட்டினார். நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு வண்டிச் சண்டை இந்த வீட்டில் உனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து நடக்கிறது. அவருக்கு என்னுடையது கட்டை வண்டி, எனக்கு அவருடையது மெத்தை வண்டி. பின்னால் ஸ்பிரிங் இல்லாவிட்டால்தான் காலுக்குக் கீழே கல் எங்கே வேர் எங்கே என்று தெரியும், தப்புப் பண்ணினால் உடனே முதுகில் விழும், அப்போதுதான் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்வோம் என்பேன். ‘கல்லு சொல்றத எல்லாம் உக்காந்து கேக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா’ என்பார் அவர். கீழே வந்து டீக்கடையில் ஈர ஜாக்கெட்டைக் கழற்றும்வரை இதே பேச்சு. ஆனால் எனக்கு மணிக்கட்டு உடைந்து சேர்ந்தபிறகு கட்டை வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்துவிட்டது, அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

ஒன்றைக் கொடுக்கும் முன் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். புதன்கிழமைக் கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போய் மழை அரித்த பாதையைச் சரிசெய்கிற நாங்கள் ஏழெட்டுக் கிழடுகள். அங்கே போக அவர் வண்டியை எடுத்தேன். நானும் அவரும் ஒரே உயரம், அதனால் சீட்டைக்கூட மாற்றவில்லை, நீ சொன்னபடி எதையும் தொடவில்லை. மூன்று புதன் ஓட்டினேன். என்ன மெத்தை, பலகை! ஒவ்வொரு வேருக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது, என் கட்டை வண்டியே தேவலாம், இரண்டாவது வாரம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இத்தனை வருஷம் இதைத்தானா பெருமையடித்தீர்கள் என்று மனசுக்குள் அவரைக் கேட்டேன். சண்டையில் நான்தான் ஜெயித்தேன், அதிலும் ஒரு சந்தோஷம் வரவில்லை. என் வண்டி இருக்கட்டும், அவருடையதை விற்றுவிடலாம், உன்னிடம் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணி நேற்று வரும் வழியில் ஆர்ச்சியின் சைக்கிள் கடைக்கு உருட்டிப் போனேன்.

ஆர்ச்சி சீட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பார்த்தான். அது அசையவே இல்லை. ‘எல்ஸ்பெத், இதுல யானை ஏறுனாத்தான் அமுங்கும். யாரோட எடைக்கு அடிச்ச காத்து இது’ என்றான். டூகலுடையது என்றேன். அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ‘அவரு தொண்ணூத்தஞ்சு கிலோ, நீங்க அம்பத்தேழு. பின்னால ஷாக்குல காத்த உங்க எடைக்கு இறக்காம மூணு வாரமா ஓட்டுனீங்களா’ என்றான். எனக்கு எப்படித் தெரியும்? அவர் வண்டியில் பின்னால் அதிர்வைத் தாங்குவது ஷாக் என்கிற குழாயில் அடைத்த காற்றாம், ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்தபடி அதை ஏற்றி இறக்க வேண்டுமாம். என் வண்டியில் பின்னால் ஒன்றுமே கிடையாது, முன்னால் இருப்பதும் பழைய கம்பிச் சுருள், காற்றே வேண்டாம். முப்பது வருஷமாகச் சைக்கிள் ஓட்டுகிறவள், இது தெரியாமல் அந்த வண்டியைத் திட்டியிருக்கிறேன். இரண்டு நிமிஷ வேலை என்று ஆர்ச்சி கையை நீட்டினான். நான் குறுக்கே கையை வைத்து வேண்டாம் என்றுவிட்டேன். நீ தொடாதே என்றது ஒன்று. இன்னொன்று, அது டிசம்பரில் அப்பா தன் வலது கையால் அடித்த காற்று. அதை இறக்கினால் இனி அவர் ஏறமாட்டார் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. டாக்டர் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார், நடக்கலாம், சைக்கிள் கிடையாது என்று. உன்னிடம் மறைத்தேன், அவரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆர்ச்சி கடையிலிருந்து வீடுவரை ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அப்பா பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். ஏன் தள்ளிக்கொண்டு வருகிறாய் என்று புருவத்தால் கேட்டார். பேசுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் ஆர்ச்சி சொன்னதைச் சொன்னேன். அவர் தோள் குலுங்கியது, எனக்குப் பயமாகிவிட்டது, பார்த்தால் சிரிக்கிறார். பாதி வாயால்தான், ஆனால் சிரிப்புதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ‘அது… என் தொப்பைக்கு… வச்ச காத்துடி’ என்றார். ஐந்து மாதத்தில் இவ்வளவு நீளமாக அவர் பேசியது இதுதான், அதிலும் என்னைக் கேலி பண்ணத்தான். பிறகு வண்டியைக் கிட்டே கொண்டுவா என்று இடது கையால் கூப்பிட்டார். சுவரில் சாய்த்து வைத்தேன். ஷாக்கின் சின்ன மூடியைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். வீட்டுச் சாவியைக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன், லாக்லன் தொடாதே என்றிருக்கிறான் என்றேன். ‘வண்டி… யாருது’ என்றார். சாவியைக் கொடுத்தேன்.

சாவி நுனியை வால்வில் வைத்து அழுத்தினார். இடது கைக்குப் பழக்கம் இல்லாததால் இரண்டு தடவை நழுவியது, நான் உதவவில்லை. காற்று சீறிக்கொண்டு போனது. நிறுத்தினார், மறுபடி அழுத்தினார். ஏறு என்றார். ஏறினேன். இறங்கச் சொல்லிவிட்டு என் ஹெல்மெட்டையும் தண்ணீர்ப் பையையும் காட்டினார், எல்லாம் போட்டுக்கொண்டு ஏறினால்தான் சரியான எடையாம். போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தேன், அமுங்கியது, இறங்கினேன். ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டிவிடும். குனிந்து அதை உற்றுப் பார்த்து, இன்னும் என்றார். இப்படி நாலு தடவை. கடைசியில் கட்டை விரலை வைத்து அளந்து போதும் என்றார். தெரு முனை வரை ஓட்டிவிட்டு வந்தேன், அதைப் பற்றி இத்தனை வருஷம் அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அதை அவரிடமே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றார். உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்தேன், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

என் ஹார்டுடெயிலை இன்று காலை புதன்கிழமைக் கூட்டத்துக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி உனக்குப் போன் பண்ணியிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், சாவியைக் கொடுத்தவள் நான், கோபம் இருந்தால் என் மேல் இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணா. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும், உன் கைவேலைக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும், அப்பாவுடைய ஆசியும் இதில் சேர்த்தி. ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அடுத்த கோடையில் மலைக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லாதே. உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாமென்று மறுபடியும் தலையாட்டுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
எல்ஸ்பெத்